ஏழாவது விதி

செவ்வாயும் வெள்ளியும் ரெசியாட்டோவுக்குக் கல்யாணம்.
பதினோரு மணிக்கு. வண்டி தாமதமானால் பன்னிரண்டு.
மாப்பிள்ளை பர்முவாட்.
ஒருமுறை அவனுக்குப் பல்வலி,
அவன் தம்பி மாப்பிள்ளையானான்.
எந்த விருந்தாளியும் கவனிக்கவில்லை.

நான் கணக்கெழுதுகிறவள்.
தலைக்கு இவ்வளவு என்று வாங்கி
இரட்டைப் பூட்டுப் பெட்டியில் போடுவேன்.
ஒரு சாவி என் இடுப்பில்,
இன்னொன்று நோலாரியிடம்.
எங்களுக்குள் பேச்சு கிடையாது,
ஒரு சினை ஆட்டு விவகாரம்.
அதனால்தான் எங்கள் இருவரையும் தேர்ந்தெடுத்தார்கள்.

முன்பெல்லாம் பணம் ஓட்டுநர்கள் கையில்.
நூறு வாங்கினால் பத்து தருவார்கள்,
அதிலும் டீசல் போக.
இப்போது பெட்டியில் விழுந்ததைக் கொண்டு
ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டியாயிற்று.
கழுதைகள் ஆற்றுக்குப் போய்வந்த தடத்தில்
புல் முளைத்துவிட்டது.
ஆகவே என்னிடம் வந்து
பொய்க் கல்யாணமா என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம்.
தொட்டியில் இருப்பது மெய்த் தண்ணீர்.

கல்யாணத்தில் எல்லாம் உண்டு.
அடுக்கடுக்காய் மணிமாலை, செம்மண் பூச்சு,
தலையில் பால் துப்பி வாழ்த்தும் தகப்பன்
(இரவல் தகப்பன், காட்சிக்கு இரண்டு சோப்பு என்று பேச்சு).
பிறகு மணப்பெண் வேலி தாண்டி நடப்பாள்.
பிறந்த வீட்டைத் திரும்பிப் பார்த்தால்
கல்லாகிப் போவாள் என்பது எங்கள் பக்கத்துச் சொல்.
இதை மெய்த்தாமெய் இங்கிலீஷில் விளக்கி முடிப்பதற்குள்
யாராவது கூப்பிடுவார்கள்:
இங்கே! இந்தப் பக்கம்! ஒரே ஒரு தரம்!
ரெசியாட்டோ திரும்புவாள். சிரிப்பாள்.
நாற்பத்தொரு கல்யாணம், நாற்பத்தொரு திரும்பல்.
நோட்டில் இருக்கிறது.

மழைக்குப் பிறகு
லோய்த்தாக் குன்றிலிருந்து மெய்யாகவே ஒருவன் வந்தான்.
மாடுகள் வந்தன. தேன் வந்தது.
அன்று வண்டிகளைச் சாலையிலேயே திருப்பி அனுப்பினோம்.
சொந்தத் தகப்பன் பால் துப்பினான்,
வாய் நடுங்கி, பாதி அவள் காதில் வழிந்தது.
நடந்தாள்.
செவ்வாய்க்கிழமை நடை இல்லை இது.
ஈரச் சாணத்தில் முள் இருக்குமோ என்று
பார்த்துப் பார்த்து வைக்கிற கால்.
வேலித் திறப்பு வந்தது.

யாரும் கூப்பிடவில்லை.
சத்தியமாக, யாரும் கூப்பிடவில்லை.
கழுத்து தானாகத் திரும்பியது.
உதட்டில் அந்தச் சிரிப்பு,
படத்துக்கென்று வைத்திருக்கும் சிரிப்பு,
வந்து, எங்கள் முகங்களைக் கண்டு,
எங்கே போவதென்று தெரியாமல் நின்றது.

பெண்கள் பாட்டை நிறுத்தவில்லை, இன்னும் உரக்கப் பாடினார்கள்.
ஆண்களுக்குத் திடீரென்று மேகத்தில் அக்கறை.
நோலாரி என் முழங்கையைப் பிடித்தாள்,
ஆட்டை மறந்து.

கல்லாகவில்லை அவள்.
போன வாரம் போனில் பேசினாள்.
கூரை ஒழுகுகிறதாம், சாணம் குழைத்துப் பூசினாளாம்,
மாமியார் பரவாயில்லையாம்.
வேறெதுவும் நான் கேட்கவில்லை.
வேறெதுவும் அவள் சொல்லவில்லை.
தொடர்பு அறுந்தபிறகும் கொஞ்ச நேரம்
போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

கூட்டத்தில் ஒரே இரைச்சல்.
காட்சியையே நிறுத்து என்றது ஒரு பக்கம்.
பிள்ளைகள் பள்ளிக்கூடச் செலவை உன் பசுவா கட்டும் என்றது மறுபக்கம்.
கடைசியில் நோலாரி எழுந்தாள்:
'விற்பதை விற்போம். கழுத்து நம்முடையது.'

இப்போது பலகையில் ஏழாவது விதி, என் கையெழுத்தில்:
மணப்பெண் வேலி தாண்டும்போது
கேமராவைத் தாழ்த்தவும். யாரும் கூப்பிடக் கூடாது.

புது மணப்பெண் நாசியெக்கு.
நேற்று முதல் காட்சி.
தொப்பிக்காரர் ஒருவர் பலகையைப் படிக்கவில்லை.
ஹலோ என்றார். பிறகு உரக்க, ஹலோ.
அவள் முதுகு மட்டும் நடந்தது.
வேலி தாண்டி, முட்புதர் தாண்டி,
தண்ணீர்த் தொட்டியும் தாண்டி.
முடிந்துவிட்டது, வா என்று சொல்ல
ஆள் அனுப்ப வேண்டியிருந்தது.